பீமில் எழுதிய தேதி

ரத்துக் கடிதம் வந்த அன்று முதலாளி வாட்ச்மேனை அடித்தார். கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியது வாட்ச்மேன்தான். அவன் வாங்காமல் இருந்திருந்தால் ஒப்பந்தமே ரத்தாகியிருக்காது என்பது போல மாறி மாறி அறைந்தார். வாட்ச்மேன் வயதில் அவரைவிடப் பெரியவன். இரண்டாவது அறையில் அவன் கண்ணாடி பறந்து ஜல்லிக் குவியலில் விழுந்தது.

"கையெழுத்துப் போடச் சொல்லி உன்கிட்ட எவன்டா சொன்னான்? கல்யாணப் பத்திரிகைன்னு நெனச்சியா?"

ஃபோர்மேன் நடுவில் புகுந்து முதலாளியின் கையைப் பிடித்தான். ஃபோர்மேனை எல்லாரும் கடப்பாரை என்றுதான் கூப்பிடுவார்கள். வளையமாட்டான், கையில் எதைக் கொடுத்தாலும் குத்திப் பெயர்த்துவிடுவான். தன் கல்யாணத்துக்கு முன்பிருந்தே முதலாளியிடம் வேலை. முதலாளி கையை உதறிவிட்டு அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டார். வாங்கிக்கொண்டான். முதலாளியின் குத்தை வாங்குவதும் ஃபோர்மேன் வேலையில் சேர்ந்ததுதான் என்று அவன் எப்போதோ முடிவு செய்திருந்தான்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் புது வார்டு கட்டுகிற வேலை அது. பழைய ஆஸ்பத்திரிக் காம்பவுண்டுக்குள்ளேயே இடம். வேலை இழுத்துக்கொண்டே போனது. வேலை கொடுத்த அரசுத் துறை எச்சரித்துப் பார்த்தது, அபராதம் போட்டுப் பார்த்தது, கடைசியில் ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டது. மாடியில் பெரிய ஹால் ஒன்று பாதியில் நின்றது. கூரைக்குத் தகடு பரப்பி, அடியில் இரும்பு முட்டுகள் கொடுத்து, மேலே கம்பியும் கட்டியாகிவிட்டது. கான்கிரீட் மட்டும் போடவில்லை.

தகடும் முட்டும் கடப்பாரையின் தங்கச்சி புருஷனுடையவை. சென்ட்ரிங் வேலையைத் தனியாக எடுத்துச் செய்கிறவன். முன்னாலும் பின்னாலும் ஒரே தட்டையாக இருப்பதால் பலகை என்று பேர். கூலி வரவில்லை என்று ரத்துக்கு வெகு முன்பே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வேறு ஊர் வேலைக்குப் போயிருந்தான். கான்கிரீட் போட்டு இறுகினதும் வந்து சாமானைக் கழற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அந்த வாரமே கிளெய்ம் எழுதுகிறவர் வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, லேப்டாப் பை, ஃபிளாஸ்க்கில் வெந்நீர். ரத்தான ஒப்பந்தங்களுக்கு அரசாங்கத்திடம் நஷ்டஈடு கேட்டு எழுதித் தருவதுதான் அவர் தொழில். சைட்டைச் சுற்றி வந்தவர் எல்லாவற்றையும் படம் எடுத்தார். கலவை மிஷினை ஒருவன் துடைத்துக்கொண்டிருந்தான்.

"துடைக்காதப்பா. சும்மா நின்ன மிஷினுக்கும் காசு கேக்கப் போறோம். சும்மா நின்ன மாதிரி இருக்க வேணாமா?"

ஷெட்டுக்குள் விசிறிக்கு அடியில் உட்கார்ந்து முதலாளிக்கு விளக்கினார். கடப்பாரை வாசலில் நின்றான்.

"துறைக்காரங்களும் நாமளும் சேர்ந்து நின்னு அளக்கிற நாள்னு ஒண்ணு வரும். அன்னைக்குக் கண்ணுக்கு என்ன தெரியுதோ அதான் கணக்கு. கான்கிரீட் போட்ட ஸ்லாப்புன்னா முழு ரேட். வெறும் கம்பி நின்னா பாதி கூடத் தேறாது."

"அப்ப போட்டுடுவோம்."

"ரத்தான தேதிக்கு அப்புறம் போட்டா சுத்தமா ஒண்ணும் வராது."

"எப்பப் போட்டோம்னு கான்கிரீட் வாயைத் தொறந்து சொல்லுமா?"

கிளெய்ம்காரர் ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "இந்தப் பேச்சை நான் கேக்கல" என்றார். ஃபிளாஸ்க்கை மூடிவிட்டு, கேட்காத பேச்சுக்குப் பதிலும் சொன்னார். "பீம்ல தேதி எழுதுற வழக்கம் உண்டில்ல?"

அடுத்த மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, துறை ஆபீஸ் பூட்டியிருந்தபோது, கான்கிரீட் போட்டார்கள். எங்கிருந்தோ லாரியில் ஆட்களை அள்ளி வந்தார்கள். மழை தூறியது. ஏணி வழுக்குகிறது, ஏறமாட்டேன் என்று ஒருத்தன் கூடையைக் கீழே வைத்தான். முதலாளியின் டிரைவர் அவனைத் தனியாக அழைத்துப் போனான். இந்த டிரைவர் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டதே அடிதடிக்குச் சீக்கிரம் போய்ச் சேரத்தான் என்று சைட்டில் சொல்வார்கள். அவன் சீட்டுக்கு அடியில் எப்போதும் ஒரு இரும்பு பைப் கிடக்கும். கூடைக்காரன் திரும்பி வந்து, உதட்டில் ரத்தத்தோடு கூடையைத் தூக்கினான். அதன்பிறகு யாருக்கும் ஏணி வழுக்கவில்லை.

பீமின் பக்கத் தகடுகளைப் பிரித்ததும் முதலாளி சிவப்புப் பெயிண்டைக் கொண்டுவரச் சொன்னார்.

எந்த ஸ்லாப்பை எப்போது போட்டது என்று பீமின் பக்கத்தில் தேதி எழுதுவது ஃபோர்மேன் வேலை. அந்தத் தேதியிலிருந்து எண்ணித்தான் சென்ட்ரிங்காரன் அடி முட்டைக் கழற்றுவான். ஃபோர்மேனை நம்பாதவன்கூட அவன் எழுதிய தேதியை நம்புவான். நம்பித்தான் அடியில் நுழைகிறான்.

கடப்பாரை பிரஷ்ஷைத் தோய்த்து, முதலாளி சொன்னபடி முந்தின மாதத்துப் பன்னிரண்டாம் தேதியைப் போட்டான். ரத்துக் கடிதத்துக்கு ஒரு வாரம் முந்தைய தேதி. அவன் போடும் 2 கழுத்து நீண்ட வாத்து மாதிரி இருக்கும். "கடப்பாரை வாத்து விட்டுட்டான், ஸ்லாப் ரெடி" என்று ஆட்கள் கேலி செய்வார்கள். அன்றைக்கும் வாத்து ஒழுங்காகத்தான் வந்தது.

"மேல தண்ணி கட்டாத" என்றார் முதலாளி.

"ஐயா, தண்ணி இல்லாம வெயில்ல காஞ்சா பொரிஞ்சு போயிடும். பலமே வராது."

"ஒரு மாசத்துக்கு முந்திப் போட்ட ஸ்லாப்புக்கு எவன்டா இப்ப தண்ணி கட்டுவான்? பாத்தியெல்லாம் உடைச்சு விடு. மண்ணை அள்ளித் தூவு. பாத்தா பழசாத் தெரியணும்."

முட்டு அடியில் நிற்கிறவரை ஒன்றும் ஆகாது, அளந்துவிட்டுப் போனதும் தண்ணீர் கட்டிக்கொள்ளலாம் என்று கடப்பாரை தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். தண்ணீர் தேங்க ஸ்லாப் மேல் கட்டியிருந்த பாத்தியை உடைத்தான். தண்ணீர் சுவரில் வழிந்து இறங்கியது. இரண்டு கூடை மண் தூவினான்.

மறுநாள் தங்கச்சி போன் செய்தாள். முதலாளி பக்கத்தில்தான் நின்றார்.

"அண்ணே, ஸ்லாப் போட்டாச்சான்னு அவரு கேக்கச் சொன்னாரு. அங்க வேற வேலை பிடிச்சிருக்காரு, சாமான் வேணுமாம்."

"போட்டாச்சு."

"எப்ப?"

முதலாளி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீம்ல எழுதியிருக்குல்ல. வந்து பாத்துக்கச் சொல்லு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அளக்க வருகிற அன்று, விடிந்து வெயில் ஏறுவதற்குள் பலகை வந்துவிட்டான். லாரி நிறைய ஆள். கேட்டில் துறை ஒட்டியிருந்த நோட்டீஸ் முன்னால் நின்று ஒருத்தன் சத்தமாகப் படித்தான். அளவு முடிந்ததும் சைட் பூட்டப்படும், உள்ளே இருக்கும் பொருள் எல்லாம் துறை வசம் என்று போட்டிருந்தது.

"மச்சான், கேட்டைத் தொறங்க" என்றான் பலகை.

"இன்னைக்கு வேணாம் மாப்ள. அளக்க வர்றாங்க."

"அளந்துட்டு பூட்டிடுவான். என் தகடை வச்சு சர்க்கார் என்ன முதுகு சொறியப் போகுதா? நாலு ஊர்க் கடன்ல வாங்கின சாமான் மச்சான். அது இல்லன்னா நான் உங்க தங்கச்சியைக் கூட்டிட்டு உங்க வீட்டுக்குத்தான் வரணும்."

"முட்டு, தகடு எல்லாம் கிளெய்ம் லிஸ்டுல ஏறியிருக்கு. ஒண்ணு கூட வெளிய போகக் கூடாதுன்னு உத்தரவு."

"என் சாமான் யார் லிஸ்டுல ஏறியிருக்கு?"

லாரி மேலிருந்து தவளை குதித்து இறங்கினான். பலகையிடம் வேலை செய்கிறவன், குள்ளம், முட்டுகளுக்கு நடுவில் தாவித் தாவிப் போவான். "அண்ணே, முட்டு பாவம், இத்தனை நாள் நின்னதுல அதுக்கே கால் கடுத்துப்போயிருக்கும். கொஞ்சம் படுக்க வச்சு எடுத்துட்டுப் போறோம்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். கடப்பாரைக்கும் சிரிப்பு வந்தது. கேட்டை மட்டும் திறக்கவில்லை.

லாரி பின்பக்கமாக வந்து கேட்டில் இடித்தது. இரண்டாவது இடியில் கேட் கீலோடு பிடுங்கிக்கொண்டு சாய்ந்தது. வாட்ச்மேன் கையை விரித்துக்கொண்டு குறுக்கே வந்தான். அவனை யாரும் அடிக்கவில்லை, குண்டுக்கட்டாகத் தூக்கி ஜல்லி மேல் உட்கார வைத்தார்கள். "தாத்தா, நீங்க உங்க பங்கை ஏற்கெனவே வாங்கியாச்சு" என்றான் தவளை.

ஷெட்டிலிருந்து முதலாளியும் டிரைவரும் ஓடிவந்தார்கள். டிரைவர் நேராகக் கூட்டத்துக்குள் புகுந்தான். பைப் முதல் ஆளின் தோளில் இறங்கியது. காய்ந்த மூங்கில் ஒடிகிற சத்தம் கேட்டது. அந்த ஆள் கத்தக்கூட முடியாமல் உட்கார்ந்தான். அதன்பிறகு யாரும் யாரையும் நிறுத்த முடியவில்லை. பலகையின் ஆட்கள் லாரியிலிருந்து சுத்தியலையும் முட்டு முறுக்குகிற கம்பிகளையும் உருவினார்கள். முதலாளியின் பக்கம் கம்பி கட்டுகிற ஆட்கள் சிலர் மண்வெட்டிக் காம்போடு வந்தார்கள். முன்பு ஒரே அடுப்பில் தேநீர் போட்டுக் குடித்தவர்கள் ஒருவர் மண்டையை ஒருவர் பார்த்து வீசினார்கள்.

படிக்கட்டில் கடப்பாரை நின்று மறித்தான். ஏறிவந்தவனைத் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் தேய்த்தான். பூசாத செங்கல். நெற்றியிலிருந்து தாடைவரை தோல் உரிந்து வந்தது. அவன் உருண்டு போனதும் அடுத்தவன் சுத்தியல் பிடியால் வாயில் குத்தினான். கடப்பாரையின் பல் ஒன்று நாக்கில் வந்து உருண்டது. துப்பிவிட்டு அவன் வயிற்றில் மிதித்தான். கீழே டிரைவரின் பைப் ஒருவனின் காதைப் பிளந்துவிட்டிருந்தது. முதலாளியின் சட்டையை யாரோ கிழித்து, அதே சட்டையால் அவர் கழுத்தை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். கிளெய்ம்காரர் ஷெட்டைத் தாழ் போட்டுக்கொண்டு ஜன்னல் வழியாகப் படம் எடுத்தார்.

அதற்குள் பலகையும் தவளையும் இன்னும் சிலரும் வெளிச் சாரம் வழியாக ஏறி ஹாலுக்குள் போய்விட்டார்கள். கடப்பாரை திரும்பி ஓடினான்.

ஹாலுக்குள் இரும்புத் தோப்பு மாதிரி முட்டுகள் நின்றன. பலகை பீமைப் பார்த்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினான்.

"தேதி தாண்டி எவ்ளோ நாளாச்சு பாருங்கடா. கழட்டுங்க, ஓரத்துலருந்து."

"மாப்ள, கழட்டாத!"

"ஏன்? ஒரு காரணம் சொல்லுங்க."

படிக்கட்டு வாசலில் முதலாளி வந்து நின்றார். மேல் சட்டை இல்லை. மூச்சு இரைத்தது. கடப்பாரையை முறைத்து, மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார்.

"லிஸ்டுல இருக்கு" என்றான் கடப்பாரை.

"உங்க லிஸ்டுல தீயை வைக்க" என்றான் பலகை. தவளை முதல் முட்டின் திருகில் கம்பியை நுழைத்துச் சுற்றினான். முட்டு சரிந்து விழுந்தது. இரண்டாவது. மூன்றாவது. மேலே எங்கேயோ நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. தகடுகளின் இடுக்கிலிருந்து பொடி உதிர்ந்து கடப்பாரையின் கையில் விழுந்தது. விரலால் நசுக்கிப் பார்த்தான். மாவு.

"டேய், பச்சைடா அது! போன ஞாயித்துக்கிழமை போட்டதுடா! தண்ணி கூடக் கட்டல! தேதி பொய்! வெளிய வாங்கடா!"

பலகை திரும்பிப் பார்த்தான். அவன் முகத்தில் கோபம்கூட இல்லை. "சாமானைக் காப்பாத்த எவ்ளோ பெரிய பொய் மச்சான்" என்றான். "அது உங்க வாத்துதானே? உங்க வாத்து எனக்குத் தெரியாதா?"

அடுத்த முட்டில் கை வைத்தான்.

கடப்பாரை கீழே கிடந்த கம்பியை எடுத்தான். பேசிப் புரியவைக்க நேரம் இல்லை. கையை அடித்தால் இன்னொரு கையால் கழற்றுவான். முழங்காலைப் பார்த்து வீசினான். மச்சான் என்று பாதி கூப்பிட்டுக்கொண்டே பலகை மடங்கினான். கால் பக்கவாட்டில், வளையக் கூடாத பக்கம் வளைந்து கிடந்தது. கடப்பாரை அவன் காலரைப் பிடித்து வாசலை நோக்கி இழுத்தான். பலகை அவன் கையைக் கடித்தான். சதை பிய்ந்தது. விடாமல் இழுத்தான்.

"எங்க ஆளையே அடிச்சுட்டான்டா!" என்று ஒருவன் கம்பியோடு பாய்ந்தான். முதுகில் விழுந்த அடியை வாங்கிக்கொண்டு கடப்பாரை இழுத்தான். அடித்தவன் வாசல்வரை துரத்திக்கொண்டு வந்தான். அதனால்தான் அவன் பிழைத்தான். உள்ளே தவளை வெறி பிடித்தவனாகச் சுத்தியலை ஓங்கி, நடு பீமுக்கு அடியில் நின்ற முட்டை அடித்து உருவினான். தகட்டுக்கு எண்ணெய் பூசுகிற ஆள் பக்கத்து முட்டை உதைத்தான்.

ஹாலின் நடுப்பகுதி, பெருமூச்சு விடுகிறவன் நெஞ்சு மாதிரி, ஒருதரம் இறங்கியது. சத்தம் அதற்குப் பிறகு வந்தது.

தூசி அடங்கும்வரை யாரும் யாரையும் அடிக்கவில்லை. பிறகு எல்லாரும் சேர்ந்து தோண்டினார்கள். டிரைவர்கூடத் தோண்டினான். கம்பி வலை கான்கிரீட்டைப் பிடிக்கவே இல்லை. சட்டையிலிருந்து பொத்தான் உதிர்வதுபோலக் கட்டிகள் கழன்று வந்தன. தவளையின் கால் முதலில் தெரிந்தது. அதற்கு மேல் இருந்ததை ஒரு சாக்கில் எடுக்க வேண்டியிருந்தது. எண்ணெய் பூசுகிறவன் கொஞ்ச நேரம் உயிரோடு இருந்தான். தண்ணீர் கேட்டான். கொண்டுவருவதற்குள் முடிந்தது.

காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஓட அதிக தூரமில்லை. பழைய ஆஸ்பத்திரி எதிரிலேயே இருந்தது. அங்கே படுக்கை இல்லை. அதற்காகத்தானே புது வார்டு. பலகையை வராந்தாவில் தரையில் போட்டுக் கட்டுப் போட்டார்கள். தலைமாட்டில் ஒரு கான்ஸ்டபிள் வந்து உட்கார்ந்தான்.

மத்தியானம் தங்கச்சி வந்தாள். புருஷனின் காலைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றி அண்ணனை அடித்தாள். முகத்தில், கழுத்தில், கடிபட்ட கையில். செருப்பின் வார் அறுந்தது. அறுந்த செருப்பாலேயே அடித்தாள். வராந்தாவில் யாரும் தடுக்கவில்லை.

"இழுத்து வெளிய போட்டேன்மா. இல்லன்னா அவனும் உள்ளதான்" என்றான்.

"காலை ஒடைச்சுத்தான் வெளிய கொண்டுவரணுமா? வாய் எதுக்குண்ணே இருக்கு உனக்கு? அன்னைக்கு போன்ல நான் கேட்டேன்ல? எப்பன்னு கேட்டேன்ல?"

அவன் குனிந்து அறுந்த வாரை எடுத்தான்.

"பச்சை கான்கிரீட்டுன்னு தெரிஞ்சே முட்டைப் பிடுங்கி ரெண்டு பேரைக் கொன்னதா இவரு மேல கேசு போடறாங்களாம்" என்றாள். "தேதி பாத்துத்தான் கழட்டினேன்னு தலையில அடிச்சுக்கிறாரு. எந்தத் தேதி, எங்க இருக்குன்னு போலீஸ் கேக்குது. உங்க முதலாளி அப்படி ஒரு தேதியே எழுதலன்னு சொல்லிட்டாராம்."

கடப்பாரை எழுந்து காம்பவுண்டைக் கடந்து சைட்டுக்கு நடந்தான்.

காவலுக்குப் போட்ட கான்ஸ்டபிளை டீ குடிக்க அனுப்பியிருந்தார்கள். மாடி ஹாலில் இடிபாட்டுக்கு நடுவில் பீமின் ஒரு துண்டு, கட்டில் அளவுக்கு, முழுசாகக் கிடந்தது. அதன் மேல்பக்கத்தில் சிவப்பாகப் பன்னிரண்டு. வாத்துக்கு ஒரு கீறல்கூட இல்லை. டிரைவர் சம்மட்டியோடு நின்றான். பக்கத்தில் முதலாளி. கிளெய்ம்காரர் எட்டி நின்று போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"வந்தியா. நல்லதாப் போச்சு" என்றார் முதலாளி. "நீ எழுதினதை நீயே ஒடச்சுப் போடு. ஒரு துண்டு கூட எழுத்தோட இருக்கக் கூடாது."

"தேதி வேணும்னு நீங்கதானேய்யா எழுதச் சொன்னீங்க?"

கிளெய்ம்காரர் தலை நிமிராமல் சொன்னார். "அப்ப வேணும்பா. இப்ப, பழைய ஸ்லாப் இடிஞ்சுதுன்னா வேலை மட்டம்னு நம்ம தலையில விழும். புதுசு, பச்சையா இருந்துச்சு, இவன் வந்து முட்டைப் புடுங்கிட்டான்னா, இடிஞ்ச நஷ்டத்தையும் சேர்த்தே கேக்கலாம். ரத்துக்கு அப்புறம் ஏன் போட்டீங்கன்னு கேட்டா, கம்பி துருப்பிடிக்காம இருக்கன்னு எழுதிக்கிறேன். இப்ப உண்மைதான் நமக்கு லாபம்."

"என் மாப்ள ஜெயிலுக்குப் போவான்."

"போகட்டும். உன் தங்கச்சிக்கு நான் பாத்துச் செய்யறேன்" என்றார் முதலாளி. "அடிடா."

டிரைவர் சம்மட்டியை நீட்டினான். கடப்பாரை வாங்கினான். ஒருமுறை எடை பார்த்தான். பிறகு சுழற்றி, எட்டாத தூரத்துக்கு, இடிந்த ஓரத்துக்கு அந்தப் பக்கம் வீசினான். அது கீழே எதையோ உடைத்துக்கொண்டு விழுந்தது. பீம் துண்டின் மேல் ஏறி, எழுத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

டிரைவர் முதலாளியைப் பார்த்தான். முதலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பைப் வந்தது.

முதல் அடி தோளில். இரண்டாவது விலாவில், உள்ளே எதுவோ நகர்ந்தது. கடப்பாரை எழுந்து டிரைவரின் மூக்கில் தலையால் மோதினான். மூக்கு அமுங்கியது. டிரைவர் விழுந்து, எழுந்து, ரத்தத்தை வழித்துக்கொண்டு திரும்பி வந்தான். கடப்பாரை மறுபடி துண்டின் மேல் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டான். பைப் விரல்களில் விழுந்தது. வலது கையில் இரண்டு விரல் ஒடிந்தது. விடவில்லை. "எறங்குடா, உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன், எறங்கித் தொலை" என்று டிரைவரே அழுகிற குரலில் கத்திக்கொண்டு அடித்தான். முதலாளி ஒரு கான்கிரீட் கட்டியை எடுத்து எழுத்தைப் பார்த்து எறிந்தார். அது கடப்பாரையின் நெற்றியில் பட்டு மாவாக உதிர்ந்தது. அவ்வளவு நல்ல கான்கிரீட்.

"ஐயா, தண்ணி கட்டியிருந்தா இந்நேரம் என் மண்டை ஒடஞ்சிருக்கும்" என்றான் கடப்பாரை. வாயில் ரத்தத்தோடு அவனுக்குச் சிரிப்பு வந்தது.

கீழே ஜீப் சத்தம் கேட்டது. டிரைவர் பைப்பைக் கீழே போட்டான். இன்ஸ்பெக்டரும் துறையின் இன்ஜினியரம்மாவும் ஏறி வந்தார்கள். காலையில் அளக்க வந்திருக்க வேண்டியவர் இந்த அம்மாதான். கையில் இன்னும் டேப் இருந்தது.

"யாரு இது? ஏன் இப்படிக் கிடக்கிறான்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முட்டைப் புடுங்கினவனோட மச்சான் சார். கலாட்டா பண்றான்" என்றார் முதலாளி.

கடப்பாரை நகர்ந்து உட்கார்ந்தான். எழுத்து தெரிந்தது.

"இதைப் பாத்துத்தான் அவன் முட்டைக் கழட்டினான். எழுதினது நான்."

"பொய்!" என்றார் முதலாளி. "மாப்பிள்ளையைக் காப்பாத்த இவனே இப்ப எழுதியிருக்கான்."

இன்ஜினியரம்மா குனிந்து பெயிண்டை நகத்தால் சுரண்டினார். காய்ந்து இறுகியிருந்தது. ஒரு சாக்பீஸை எடுத்து நீட்டினார். "அதே மாதிரி எழுதிக் காட்டு."

ஒடிந்த விரல்களுக்கு நடுவில் சாக்பீஸ் நிற்கவில்லை. உள்ளங்கையில் வைத்து அமுக்கிப் பிடித்து, தரையில் ஒன்றைப் போட்டான். பிறகு இரண்டு. நடுங்கினாலும், கழுத்து நீண்டு, வால் சுருண்டு, வாத்து வந்துவிட்டது.

இன்ஜினியரம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நிஜமா எப்பப் போட்டது?"

"போன ஞாயித்துக்கிழமை."

"தண்ணி கட்டினீங்களா?"

"இல்லம்மா."

"யாரு கட்டலை?"

முதலாளியின் பேரைச் சொல்லலாம். சொல்லத்தான் போகிறான். ஆனால் பாத்தியை உடைத்த மண்வெட்டி அவன் கையில்தான் இருந்தது.

"அவரு சொன்னாரு. நிறுத்தினது நான்."

"தெரிஞ்சுதான் சொல்றியா? நீயும் உள்ள போவ" என்றார் இன்ஸ்பெக்டர்.

"தெரியும் சார்."

அவனையும் முதலாளியையும் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். படிக்கட்டில் முதலாளி அவன் காதோரம் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். கிளெய்ம்காரரைக் காணவில்லை, ஃபிளாஸ்க் மட்டும் ஷெட்டில் இருந்தது. உடைந்த கேட்டருகில் தங்கச்சி ஒற்றைச் செருப்போடு நின்றாள். அண்ணன் போவதைப் பார்த்தாள். பக்கத்தில் வரவில்லை. திரும்பி ஆஸ்பத்திரி வராந்தாவைப் பார்த்து நடந்தாள்.

ஜீப்பில் ஏற்றும்போது மேலே அந்தத் துண்டை இறக்கக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்கள். துறை ஆட்கள், பழக்கமில்லாதவர்கள். ஒரே முடிச்சில் தூக்கினார்கள். துண்டு ஒருபக்கம் சாய்ந்து சுவரில் உரசியது.

"டேய், டேய்! சுவத்துல தேய்க்காதீங்கடா!" என்று கடப்பாரை ஜீப்பிலிருந்து எட்டிக் கத்தினான். போலீஸ்காரன் அவன் பிடரியில் ஒன்று வைத்து உட்கார அழுத்தினான். மறுபடி எட்டினான். "ரெண்டு சுத்து போடுங்க! எழுத்துப் பக்கம் மேல இருக்கணும்! மெதுவா... இன்னும் மெதுவா..."